அம்மாவின் பொட்டும் உலக யுத்தமும்

எங்கள் வீட்டில் இரண்டாம் உலக யுத்தம் நான்கு வருடம் நடந்தது. தொண்ணூற்று ஒன்று டிசம்பரில் ஆரம்பித்துத் தொண்ணூற்று ஐந்தில் முடிந்தது. உலகத்தில் அது எப்போது நடந்தது என்று என் கணவரைக் கேட்டால் நாள், கிழமை, அன்றைக்கு மழையா பனியா என்பதுவரை சொல்லுவார். ஜெர்மனி ரஷ்யாவுக்குள் புகுந்தது ஞாயிற்றுக்கிழமை. சிங்கப்பூர் விழுந்ததும் ஞாயிற்றுக்கிழமை. எங்கள் கல்யாணம் என்ன கிழமை நடந்தது என்று கேளுங்கள், முழிப்பார்.

மல்லேஸ்வரத்தில் ஒரு குறுக்குத் தெருவில் வாடகை வீடு. நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஷிப்டு வேலை பார்த்தேன். அவர் ஒரு தொழிற்சாலையில் இயந்திர பாகங்களுக்குப் படம் வரைந்துகொண்டிருந்தவர். அந்த வருடம் விருப்ப ஓய்வு என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். விருப்பம் அவர்களுடையது, ஓய்வு இவருடையது. காலையில் ஆறு மணிக்கே குளித்து, சட்டை போட்டு, பேனாவைப் பையில் செருகிக்கொண்டு, போக இடமில்லாமல் முன்னறையில் உட்கார்ந்திருப்பார். பார்க்கப் பாவமாக இருக்கும். என்னுடைய அந்தப் பரிதாபமெல்லாம் ஒரு மாதம்தான் தாங்கியது.

டிசம்பரில் காவிரித் தண்ணீரை வைத்து ஊரில் கலவரம் வந்தது. தமிழ்க் குடும்பங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே கிடந்தோம். எதிர்வீட்டுக்காரர் கன்னடர், வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அதுவரை பால்காரன் வராத நாளில் மட்டும் பேசிக்கொள்கிற பழக்கம். கலவரத்தின் முதல் நாள் காலையில் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கதவை விரியத் திறந்துபோட்டு, தெருவைப் பார்த்தபடி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, போகிற வருகிறவர்களுக்குக் கேட்கிற மாதிரி உரத்த கன்னடத்தில் பேச ஆரம்பித்துவிட்டார்.

"நீங்க ஒண்ணும் தலை கெடிசிக்காதீங்க ரீ. நான் இங்கேயே இருக்கேனே," என்றார் என்னிடம் மட்டும் மெதுவாக, கன்னடம் கலந்த தமிழில். கவலைப்படாதீர்கள் என்று அர்த்தம்.

இருந்தார். காலையிலிருந்து இருட்டும்வரை இருந்தார். ஆனால் ஒரு மனுஷன் எவ்வளவு நேரம்தான் சத்தமாகப் பேசிக்கொண்டே இருப்பது? முதல் நாள் வங்கியைப் பற்றிப் பேசினார். இரண்டாம் நாள் அவருடைய முழங்கால் வலி. மூன்றாம் நாள் விஷயம் தீர்ந்துபோயிற்று. அப்போதுதான் என் கணவர் உள்ளே போய், பழைய போர்வை ஒன்றில் இந்தியன் இங்க்கால் தான் வரைந்து வைத்திருந்த உலகப் படத்தைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜைமேல் விரித்தார். அது அவர் வேலையில்லாத மாதத்தில் சத்தமில்லாமல் செய்து வைத்திருந்த காரியம். எதிர்வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "ஜெர்மனி எனக்கு கொடுங்க," என்றார். எங்களைக் காப்பாற்ற வந்த நல்ல மனிதர் அப்படித்தான் ஜெர்மனி ஆனார்.

கலவரம் அடங்கியது. அவர் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் காலை டிபனை முடித்துக்கொண்டு வந்துவிடுவார். யுத்தத்தை முதலிலிருந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு யுத்தத்தில் ஒன்றரை இரண்டு வாரம் என்று நகர்த்துவார்கள். என் கணவர் கையில் புத்தகங்கள், நோட்டு, பென்சில். உண்மையில் நடந்தது மாதிரியே நடக்க வேண்டும், ஜெர்மனி ஜெயிக்க ஆசைப்பட்டால்கூட விடமாட்டார். ஒரு தடவை ஏதோ ஒரு சண்டை பன்னிரண்டாம் தேதியா பதின்மூன்றாம் தேதியா என்று தகராறு வந்து, இரண்டு பேரும் இரண்டு வாரம் பேசிக்கொள்ளவில்லை. "சரித்திரத்துல ஒரு நாள் தள்ளிப்போனா எல்லாம் பொய்யாயிடும்," என்று என்னிடம் கத்தினார். ஏதோ நான்தான் தேதியை நகர்த்திவிட்டேன் என்கிற மாதிரி.

படைகளுக்கு என்ன செய்தார்கள் என்கிறீர்களா? என் சமையலறைதான் ராணுவக் கிடங்கு. இங்கிலாந்துக்குத் துவரம்பருப்பு, ஜெர்மனிக்குக் கொள்ளு. சிவப்பாக இருக்கிறதே என்று ரஷ்யாவுக்கு மைசூர் பருப்பு. ஜப்பானுக்கு உளுந்து. அமெரிக்கா தாமதமாக வந்தது, வறுத்த வேர்க்கடலையாக வந்தது. அதனால் பாதிப் பட்டாளம் கரை இறங்குவதற்கு முன்பே ஜெர்மனிக்காரர் வாய்க்குள் போய்விடும். நாங்கள் நான்கு வருடம் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மேஜையில் ஐரோப்பா இருந்தது.

ஒரு நாள் காலை ஷிப்டு முடிந்து பசியோடு வந்தேன். டப்பாவில் ஒரு பிடி துவரம்பருப்புகூட இல்லை. நேரே மேஜைக்குப் போய்க் கையால் வழித்து எடுத்தேன். சாயங்காலம் அவர் வந்து பார்த்துப் பதறிப்போனார்.

"இங்கிலாந்து எங்கடி?"

"சாம்பார்ல. முருங்கைக்காய் போட்டிருக்கேன், வந்து உக்காருங்க."

அன்றைக்கு ஜெர்மனிக்காரரும் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார். இங்கிலாந்தை இவ்வளவு சுலபமாக ஜெயிக்கலாம் என்று தெரியாமல் போயிற்றே என்று இரண்டு தடவை கேட்டு ஊற்றிக்கொண்டார்.

இதெல்லாம் வேடிக்கை. இந்த வேடிக்கைக்கு நடுவில் என் அம்மா இருந்தாள்.

அம்மா வேலூர்ப் பக்கத்திலிருந்து அந்த வருடம்தான் எங்களோடு இருக்க வந்திருந்தாள். அறுபத்தேழு வயது. நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு, பழைய எட்டணா அளவுக்கு. அது அவள் நெற்றியில் இருப்பதற்காக ஊரில் ஒரு யுத்தமே நடத்தியவள். என் அப்பா நாற்பத்தொன்றில் பட்டாளத்தில் சேர்ந்தார், ரோடும் பாலமும் போடுகிற பட்டாளம். அப்போது நான் மூன்று மாதக் குழந்தை. அவரை நான் பார்த்ததேயில்லை என்றுதான் சொல்ல வேண்டும். நாற்பத்து நாலுவரை கடிதம் வந்தது. கடைசிக் கடிதம் பர்மா எல்லையிலிருந்து, ஒரே மழை, அட்டைப்பூச்சி தொல்லை என்று எழுதியிருந்தார். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. செத்தார் என்றும் சேதி இல்லை, இருக்கிறார் என்றும் சேதி இல்லை.

பன்னிரண்டு வருடம் ஆனதும் பெரியப்பா, சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்தாராம். காணாமல் போனவருக்குப் பன்னிரண்டு வருடம் பார்த்துவிட்டுக் கருமாதி செய்துவிடுவது வழக்கம், பொட்டை எடுத்துவிட வேண்டும் என்றாராம். அம்மா கையில் முறத்தோடு வாசலுக்கு வந்து, "பொணம் எங்க? கொண்டாங்க. பாத்துட்டு எடுக்கலாம்," என்று கேட்டிருக்கிறாள். அதோடு சரி. யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் அம்மா அன்றிலிருந்து ஒரு கண்ணை வாசலிலேயே வைத்திருந்தாள். தபால்காரன் வந்தால் மற்ற பெண்கள் முகம் மலரும். இவளுக்கு முகம் சுருங்கும். எந்தக் காகிதத்தில் அந்தச் சேதி வருமோ, நெற்றி காலியாகுமோ என்கிற பயம்.

இந்த லட்சணத்தில் என் கணவர் மாமனாரைக் கண்டுபிடிக்கப் போவதாகச் சபதம் எடுத்தார்.

"பட்டாளத்துல ஒவ்வொருத்தருக்கும் ஒரு நம்பர் உண்டு அத்தே. அதை மட்டும் சொல்லுங்க. இங்கேயே ஏரிக்கரைல இருக்கற பட்டாளத்து ஆபீஸ்ல பழைய ரிஜிஸ்டர் எல்லாம் வெச்சிருக்காங்க. ரெண்டே மாசத்துல விஷயம் தெரிஞ்சுடும்."

"தெரிஞ்சு?"

"தெரிஞ்சா நல்லதுதானே?"

"எனக்குத் தெரிய வேண்டியதெல்லாம் தெரியும் மாப்ள. நீங்க ரஷ்யாவைப் பாருங்க. கொள்ளு உள்ள வந்துடுச்சு."

அம்மாவுக்கு அந்த நம்பர் மனப்பாடம். மூன்று வருடம் ஒவ்வொரு கவரிலும் தன் கையால் எழுதியவள். ஐந்தாம் கிளாஸ் படித்த கை. அவளுக்கு அது மனப்பாடம் என்று என் கணவருக்கும் தெரியும். கீரை ஆய்கிறபோது கேட்பார், காபி ஆற்றுகிறபோது கேட்பார், ஒரு தடவை அவளுக்கு ஜுரம் வந்து பிதற்றியபோது நோட்டும் பென்சிலுமாய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாரே, அன்றைக்கு நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. அம்மா ஜுரத்திலும் வாயைத் திறக்கவில்லை.

எனக்கு எந்தப் பக்கம் என்று கேட்டால், சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்பா எங்கே விழுந்தார் என்று தெரிய வேண்டும். ஐம்பது வயதிலும் அந்த ஏக்கம் போகவில்லை. ஆனால் அதற்கு விலை அம்மாவின் பொட்டு என்றால், வேண்டவே வேண்டாம். அதனால் இரண்டு பேரையும் திட்டிக்கொண்டிருந்தேன்.

அம்மா யுத்தத்தில் சேர்ந்தது இப்படித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கீரைக் கட்டோடு வந்து மேஜை ஓரம் உட்கார்ந்து படத்தைப் பார்த்தாள்.

"நம்ம ஆளுங்க எங்க?"

"நாம அப்ப இங்கிலாந்து கீழதானே அத்தே. துவரம்பருப்புலயே சேர்த்தி," என்றார் இவர்.

"எங்க ஊட்டுக்காரரு துவரம்பருப்பு இல்ல," என்றாள் அம்மா. எழுந்து உள்ளே போய் ஒரு பிடி கடுகு கொண்டுவந்து கொட்டினாள். "இது நம்ம ஆளுங்க. எங்கெங்க இருந்தாங்களோ அங்க வையுங்க."

வைக்க ஆரம்பித்ததும்தான் எல்லோருக்கும் தெரிந்தது, கடுகு இல்லாத இடமே இல்லை. எகிப்தில் கடுகு, இத்தாலியில் கடுகு, மலாயாவில் கடுகு, பர்மா மலை முழுக்கக் கடுகு. ஜெர்மனிக்காரரே, "அய்யோ தேவா, இவ்ளோ ஜனம் போனாங்களா?" என்று கேட்டார். என் கணவர் நோட்டைப் புரட்டினார். பிறகு நான்கு வருடம் படுக்கையில், செருப்பில், அரிசியில், என் ஆபீஸ் கைப்பையில் எல்லாம் கடுகு. அதற்காக அம்மாவை நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அதிலிருந்து அம்மா ஒரு ஞாயிறு தவறவிட்டதில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டே, முறுக்கு பிழிந்துகொண்டே காதை மட்டும் கொடுத்திருப்பாள். நாலைந்து மாதம் போனதும் ஜெர்மனிக்காரரைத் திருத்த ஆரம்பித்துவிட்டாள். "அய்யய்ய, இன்னா அவசரம்? இன்னும் பிரான்ஸே விழல, அதுக்குள்ள கிரேக்கத்துக்கு ஓடறீங்களே!" அவர் கொள்ளைப் பின்னால் இழுத்துக்கொள்வார். ரஷ்யாவில் பனி விழுந்த வாரம் மைசூர் பருப்புக்காக அவள் பட்ட கவலையைப் பார்த்தால் சிரிப்பு வரும். பர்மா வருகிறபோது மட்டும் எழுந்து போய்விடுவாள். அடுப்பில் ஏதாவது இருக்கும். இல்லாவிட்டாலும் இருக்கிறது என்பாள்.

தொண்ணூற்று ஐந்தில், யுத்தம் முடிந்து ஐம்பது வருடம் ஆன வருஷத்தில், எதிர்வீட்டுக்காரர் பெண்ணுக்குக் கல்யாணம் வந்தது. பெண்ணுக்கு மஞ்சள் பூசிக் குளிக்க வைக்கிற சடங்குக்குச் சுமங்கலிகளைக் கூப்பிடுவார்கள். அவருடைய மனைவி எங்கள் வீட்டுக்கு வந்து, "அம்மாவே மொதல்ல பூசணும்," என்று அழைத்துவிட்டுப் போனாள். அம்மா பச்சைப் பட்டுப் புடவை கட்டிக்கொண்டாள். பொட்டைப் புதிதாக, இன்னும் கொஞ்சம் பெரிதாக வைத்துக்கொண்டாள். கண்ணாடி முன்னால் அத்தனை நேரம் அவள் நின்று நான் பார்த்ததில்லை.

மஞ்சள் கிண்ணத்தைக் கையில் எடுத்துவிட்டாள். அப்போது மாப்பிள்ளை வீட்டு அம்மாள் ஒருத்தி, கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லாமல், பேச்சுக்குத்தான் கேட்டாள்: "நிம்ம யஜமான்ரு பரலில்வா?" உங்கள் வீட்டுக்காரர் வரவில்லையா என்று.

"யுத்தத்துக்குப் போயிருக்காரு," என்றாள் அம்மா. நாற்பது, ஐம்பது வருடமாகச் சொல்லிப் பழகிய பதில். வேலூரில் அதைக் கேட்டு யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

"எந்த யுத்தம்?"

"ஜெர்மன்காரன், ஜப்பான்காரன் யுத்தம்."

அந்த அம்மாளுக்குத் தமிழ் தெரியும். ஒரு நொடி கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டாள். பக்கத்தில் இருந்த இளம்பெண்கள் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பிறகு சிரிப்பு நின்றது; எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். யாரோ ஒருத்தி மரியாதையாக, மிக மரியாதையாக, "நீங்க உக்காருங்கம்மா, கால் வலிக்கும்," என்று சொல்லி அந்தக் கிண்ணத்தை அம்மாவின் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

நான் சண்டைக்குப் போயிருப்பேன். அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள். உட்கார்ந்தாள், தாம்பூலம் வாங்கிக்கொண்டாள், சாப்பிட்டாள், பாயசத்தைக்கூட இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிவிட்டு நேரே மேஜைக்குப் போனாள். என் கணவர் அங்கே உளுந்தை எண்ணிக்கொண்டிருந்தார்.

"எழுதிக்குங்க," என்றாள்.

"என்ன அத்தே?"

"நம்பரு. எழுதிக்குங்க மாப்ள."

மூச்சு விடாமல் சொன்னாள். எழுத்துகளும் எண்களுமாக, ஐம்பது வருடம் உள்ளேயே கிடந்த நம்பர். என் கணவர் அவசரத்தில் முதல் தடவை தப்பாக எழுதினார். மறுபடி சொன்னாள்.

"போயி பாத்துட்டு வாங்க. செத்துட்டாருன்னா செத்துட்டாருன்னு நாலு பேரு முன்னாடி சொல்லி எடுத்துடறேன். இந்த மாதிரி எவளும் என் கையில இருந்து புடுங்க வேணாம்."

ஏரிக்கரை ஆபீஸுக்கு அவர் நான்கு நடை நடந்தார். ஐந்தாம் நடைக்குப் பதில் கிடைத்தது. நான் மதியம் ஷிப்டு முடித்து வருகிறபோது தெருமுனையிலேயே எனக்காகக் காத்துக்கொண்டு நின்றார். அந்த வெயிலில் குடையில்லாமல், கையில் ஒரு பழுப்புக் கவரோடு.

"என்னங்க?"

"அவர் சாகலை," என்றார்.

எனக்கு ஒரு நொடி சந்தோஷம் பொங்கியது. பைத்தியக்காரச் சந்தோஷம். அப்பா! அடுத்த நொடி அவர் முகத்தைப் பார்த்தேன்.

காகிதத்தில் இருந்தது இவ்வளவுதான். யுத்தம் முடிந்த பிறகு, நாற்பத்தாறில், அப்பா ரங்கூனிலேயே பட்டாளத்திலிருந்து விலகியிருக்கிறார். சொந்த விருப்பத்தின் பேரில். ஊருக்குத் திரும்ப இலவசப் பயணம் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். குடும்பம் என்ற இடத்தில் மனைவி, ஆண் குழந்தை ஒன்று, ரங்கூனில் ஒரு தெருவின் முகவரி. மனைவி என்று எழுதியிருந்த பெயர் என் அம்மாவின் பெயர் அல்ல. அதற்கப்புறம் அவர் என்ன ஆனார் என்று அந்த ஆபீஸுக்கும் தெரியாது.

மல்லேஸ்வரம் மார்க்கெட் கூட்டத்துக்கு நடுவில், பூக்கடை பக்கத்தில் நின்றுகொண்டு நான் என் அப்பாவைத் திட்டினேன். வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன். பூக்காரி முழம் போடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். அவர் என்னைத் தடுக்கவில்லை. கவரை மட்டும் மடித்து உள்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

பிறகுதான் விஷயம் புரிந்தது. அம்மாவிடம் என்ன சொல்வது? செத்துப்போனார் என்று சொன்னால் பொட்டு போகும். சாகவில்லை என்று சொன்னால் பொட்டு இருக்கும், ஆனால் அதை வைத்துக்கொண்டு அவள் எப்படி இருப்பாள்? தெருமுனையிலேயே அரைமணி நேரம் வாதாடினோம். கடைசியில் அவர்தான் வழி கண்டுபிடித்தார். செத்தாரா இருந்தாரா என்று சொல்லவே வேண்டாம். காகிதமே இல்லை என்று சொல்லிவிடலாம். எரிந்துபோயிற்று என்று சொல்லிவிடலாம்.

"உங்களால முடியுமா?" என்று கேட்டேன். ஒரு நாள் தள்ளிப்போனதற்கு இரண்டு வாரம் சோறு இறங்காமல் இருந்த மனுஷன்.

"முடியும்," என்றார். குரல் அப்போதே ஆடியது.

அம்மா முன்னறையில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்தாள். காலையில் வைத்த பொட்டு அப்படியே இருந்தது. இவர் நின்றுகொண்டே ஒப்பித்தார், பள்ளிக்கூடப் பையன் மாதிரி.

"விசாரிச்சேன் அத்தே. அந்தப் பழைய காகிதமெல்லாம் லண்டன்ல வெச்சிருந்தாங்களாம். நாப்பதுல ஜெர்மனிக்காரன் லண்டன் மேல குண்டு போட்டான் இல்லையா, அதுல எல்லாம் எரிஞ்சுபோச்சாம். மாமாவோடதும் அதுல போயிடுச்சு. இனிமே யாராலயும் கண்டுபிடிக்க முடியாதுன்னு சொல்லிட்டாங்க."

அம்மா அவரையே பார்த்தாள்.

"நாப்பதுலயா?"

"ஆமாம் அத்தே. நாப்பது செப்டம்பர்ல ஆரம்பிச்சது."

"அவரு பட்டாளத்துல சேந்ததே நாப்பத்தொண்ணு ஆவணியில. சேர்றதுக்கு முன்னாடியே எப்பிடி மாப்ள எரியும்?"

நான் தரையைப் பார்த்தேன். அவர் கடைசியாக ஒரு முயற்சி செய்தார்.

"இல்லை அத்தே, நாப்பத்து நாலுல மறுபடியும்... அந்த ராக்கெட்டு..."

"அது எனக்குத் தெரியும். ஆனா இவரு காகிதம் ஏரிக்கரை ஆபீஸ்ல இருக்குதுன்னு நாலு வருஷமா என் உயிரை வாங்குனது யாரு? லண்டனுக்கு எப்பப் போச்சு, ராக்கெட்டு புடிச்சா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில், அந்தக் காகிதம் அவர் பையில் இருக்கிறபோது, எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவுக்கும் உதட்டோரம் லேசாக வந்தது. உலக யுத்தத்தை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவளிடம் மாட்டிக்கொண்டு நின்றார். பிறகு அம்மா கையை நீட்டினாள்.

"கொண்டாங்க."

"இங்கிலீஷ்ல இருக்கு அத்தே."

"அப்ப படிங்க. கூட்டாம குறைக்காம படிங்க. எப்பவும் படிப்பீங்களே, அந்த மாதிரி."

படித்தார். ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொன்னார். சொந்த விருப்பம் என்ற இடத்தில் நிறுத்தினார். "மேல," என்றாள் அம்மா. மனைவி பெயரைச் சொல்லாமல் தாண்டப் பார்த்தார். "பேரு?" என்றாள். சொன்னார். குழந்தை, முகவரி, எல்லாம் சொல்லி முடித்தார். அம்மா அழவில்லை. கேட்டுக்கொண்டிருந்துவிட்டு எழுந்து மேஜைக்குப் போனாள்.

"ரங்கூன் எங்க இருக்குது, காட்டுங்க."

நான்கு வருடமாக அந்தப் பக்கம் பார்க்காதவள். அவர் குனிந்து காட்டினார். அம்மா அந்த இடத்திலிருந்த உளுந்தையும் கடுகையும் புறங்கையால் ஒதுக்கிவிட்டு, கட்டை விரலை மெட்ராஸில் வைத்துச் சுண்டு விரலை நீட்டினாள். விரல் ரங்கூனைத் தாண்டிப் போனது.

"ஒரு சாண் கூட இல்லியே," என்றாள். "நான் எங்கியோ உலகத்துக்கு அந்தப் பக்கம்னு நெனச்சிருந்தேன்."

எதிர்வீட்டில் யாரோ ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார்கள். அம்மா குளியலறைக்குப் போனாள். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது, முகத்தில் தண்ணீர் அடித்துக்கொள்கிற சத்தம் கேட்டது. அது அவள் தினமும் சாயங்காலம் செய்கிறதுதான். முகம் கழுவி வந்து கண்ணாடி முன்னால் நின்று பொட்டு வைத்துக்கொள்வாள். அன்றைக்குக் கண்ணாடியைத் தாண்டி நேராக வந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முறத்தின் முன்னால் உட்கார்ந்தாள். நெற்றியில் பொட்டு இருந்த இடம் மட்டும் வெளுத்து, வட்டமாக, வெயில் படாத தோலாக இருந்தது.

ஓடிப்போய் குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு வந்து அவள் முன்னால் உட்கார்ந்தேன்.

"அம்மா, உனக்கு என்ன புத்தி கெட்டுப்போச்சா? செத்துட்டாருன்னு யார் சொன்னாங்க? காகிதத்துல அப்படி ஒண்ணும் இல்லையே! எங்கயோ உசிரோடதானே இருந்திருக்காரு. எதுக்கு எடுத்தே?"

அம்மா என் கையிலிருந்த சிமிழை வாங்கினாள். மூடியைப் போட்டு இறுக்கித் திருகினாள்.

"செத்துட்டாருன்னு எனக்கு அப்பவே தெரியும்டி. கடுதாசி நின்ன அன்னிக்கே தெரியும். செத்தவருக்காகத்தான் அம்பது வருஷம் வெச்சிருந்தேன். உசிரோட இருந்தவருக்கு எதுக்கு?"